எஞ்சின் இல்லாமல் மேலே ஏறுவது எப்படி? பாராகிளைடிங் ஓர் அறிமுகம்

பாராகிளைடிங் என்றதும் பலர் மனதில் வருவது, மலை உச்சியிலிருந்து ஒருவர் குதிக்கும் காட்சி. அங்கே யாரும் குதிப்பதில்லை. புல் சரிவில் துணி இறக்கையை விரித்து, அதைத் தலைக்கு மேல் எழுப்பி, சரிவில் பத்துப் பதினைந்து அடி ஓடுகிறார்கள். இறக்கை முதலில் பறக்கத் தொடங்குகிறது. கால் அதற்கப்புறம்தான் தரையை விடுகிறது. இறக்கை கோணலாக எழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி விரிக்கலாம். கால் தரையில் இருக்கும்வரை வேண்டாம் என்று சொல்ல நேரம் இருக்கிறது.

கடற்கரையில் படகு இழுக்க, கயிற்று முனையில் தொங்கிக்கொண்டு மேலே போவது பாராசெயிலிங். விமானத்திலிருந்து குதித்து பாராசூட்டில் இறங்குவது ஸ்கை டைவிங். முதுகில் எஞ்சினும் விசிறியும் கட்டிக்கொண்டு பறப்பது பாராமோட்டார். பாராகிளைடிங்கில் படகு, விமானம், எஞ்சின் எதுவும் கிடையாது. இருந்தும் நல்ல வானிலை அமைந்த நாளில், பழகிய பைலட் ஒருவர் ஆறேழு மணி நேரம் காற்றிலேயே இருக்கிறார். கிளம்பிய இடத்தைவிட ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறார். நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குகிறார். 2021 ஜூனில் செபாஸ்டியன் கைரூஸ் என்ற பைலட் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே பறத்தலில் 600 கிலோமீட்டருக்கும் மேல் போனார். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

இந்த உயரமும் தூரமும் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்துகொண்டால் இந்த விளையாட்டின் முக்கால்வாசி புரிந்துவிடும். அதன் ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் இறக்கை. தரையில் விரித்துக் கிடக்கும்போது அது வெறும் துணி. இரண்டு அடுக்கு நைலான், நடுவே துணியாலேயே ஆன தடுப்புகள். தடுப்புகள் இறக்கையை நாற்பது, ஐம்பது அறைகளாகப் பிரிக்கின்றன. முன்விளிம்பில் அறைகளின் வாய் திறந்திருக்கும். பின்விளிம்பு தைத்து மூடியிருக்கும். இறக்கை முன்னால் நகரும்போது காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அந்த அழுத்தம்தான் துணியை ஒரு விமான இறக்கையின் வடிவத்தில் விறைப்பாக வைத்திருக்கிறது. முன்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள் இருக்கும். மற்றபடி எலும்புக்கூடு என்று எதுவும் இல்லை.

இறக்கையிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள் இரண்டு பக்கமும் ரைசர் என்ற பட்டைகளில் சேர்கின்றன. ரைசர்கள் இரண்டு கொக்கிகளால் ஹார்னஸில் மாட்டப்படுகின்றன. ஹார்னஸ் என்பது பைலட் உட்காரும் இருக்கை. அடியில் நுரை அல்லது காற்றடைத்த பாதுகாப்பு, பக்கத்திலோ அடியிலோ ஆபத்துக்கென்று மடித்து வைத்த ரிசர்வ் பாராசூட். பைலட் இறக்கைக்கு ஏழு மீட்டர் வாக்கில் கீழே தொங்குகிறார். எடை இவ்வளவு கீழே இருப்பதால் இறக்கை ஆடினாலும் தானாக நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கைக்கு ஒன்றாக இரண்டு பிரேக் கயிறுகள். வலது பிரேக்கை இழுத்தால் வலப்பக்கப் பின்விளிம்பு கீழே மடங்கி, அந்தப் பக்கம் வேகம் குறைந்து இறக்கை வலப்புறம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் மொத்த வேகமும் குறையும். அளவுக்கு மீறி இழுத்தால் இறக்கை பறப்பதையே நிறுத்திவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். எல்லாவற்றையும் மடித்து ஒரு முதுகுப்பையில் அடைத்தால் பதினைந்து கிலோ வாக்கில் வரும். தூக்கிக்கொண்டு மலையேறலாம், பஸ்ஸில் போகலாம். வேறு எந்த வானூர்தியும் இந்த வசதியைத் தராது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாதாரண இறக்கை பிரேக் போடாமல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது மீட்டர் முன்னால் போகும். ஆகவே நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் அசைவற்ற காற்றில் ஒன்பது கிலோமீட்டர் தூரம், பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். எந்த இறக்கையாலும் இந்த இறக்கத்தைத் தவிர்க்க முடியாது. போட்டிக்கான இறக்கைகள் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், அவையும் இறங்கத்தான் செய்யும்.

ஆறு மணி நேரம் பறப்பவர் என்ன செய்கிறார்? தான் இறங்குவதைவிட வேகமாக மேலே போகும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே இருக்கிறார். இறக்கை காற்றுக்குள் நொடிக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது. அந்தக் காற்று நொடிக்கு மூன்று மீட்டர் ஏறுகிறது. ஆகவே பைலட் நொடிக்கு இரண்டு மீட்டர் ஏறுகிறார்.

மேலேறும் காற்று இரண்டு வழியில் கிடைக்கும். எளிமையானது மலைச்சரிவு தருவது. நீளமான மலைத்தொடரின் மீது காற்று நேராக மோதினால் போக வேறு வழியில்லாமல் சரிவை ஒட்டி மேலே ஏறும். அந்தப் பட்டைக்குள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகத் திரும்பித் திரும்பிப் பறந்தால் காற்று இருக்கும்வரை மேலேயே இருக்கலாம். புனேவுக்குப் பக்கத்துக் காம்ஷெட் மலைகளிலும், கேரளத்தின் வாகமண் புல்வெளிகளிலும் பலர் இதைத்தான் முதலில் பழகுகிறார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் யார் விலக வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி: மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவர் நேரே போகலாம், மற்றவர்தான் வெளிப்பக்கம் விலக வேண்டும். மலை வலப்பக்கம் இருப்பவருக்குத் தன் வலப்புறம் விலக இடமில்லை என்பதே காரணம்.

இரண்டாவது, தெர்மல். எனக்குப் பாராகிளைடிங்கிலேயே ஆகச் சுவையான பகுதி இதுதான். வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் படிந்திருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. காய்ந்த வயல், பாறைச் சரிவு, தகரக் கூரை நெருங்கிய ஊர், இவையெல்லாம் சீக்கிரம் சூடாகும். பக்கத்திலேயே ஏரியும் காடும் நெல் வயலும் குளிர்ந்தே கிடக்கும். சூடான காற்று கொஞ்ச நேரம் தரையோடு ஒட்டிக்கிடக்கும். பிறகு ஒரு மேடோ, மரவரிசையோ, லேசான காற்றசைவோ தூண்டிவிட, மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 டிகிரி குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். அதிலுள்ள ஈரம் ஒரு உயரத்தில் மேகமாகத் திரளும். வெயில் நாளில் அடிப்பக்கம் தட்டையாக, பஞ்சு பஞ்சாக நிற்கும் வெள்ளை மேகங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை குமுலஸ் மேகங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தெர்மல் இருக்கிறது, அல்லது கொஞ்ச நேரம் முன்பு வரை இருந்தது.

அடித்தளம் எல்லா மேகங்களுக்கும் ஒரே உயரத்தில் நேர்கோடாக இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தரையில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் தரையிலிருந்து மேகத்தின் உயரம் மீட்டரில் தோராயமாக வந்துவிடும். வெப்பநிலை 28 டிகிரி, பனிநிலை 12 டிகிரி என்றால் மேகம் 2,000 மீட்டர் மேலே. பைலட்கள் காலையில் டீயோடு போடும் கணக்கு இது. அன்றைக்கு எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்கும் பாதிதான் தெரியும்: அதற்குள் நுழையும்போது இருக்கை மேலே தள்ளுவது தெரியும், நுழைந்த பிறகு ஒரே சீராக ஏறினால் உடம்பு அதை உணராது, ஏனென்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேக மாற்றத்தைத்தான் உணருமே தவிர வேகத்தை உணராது. தரை ஆயிரம் மீட்டர் கீழே இருக்கும்போது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று கண்ணால் சொல்வதும் கடினம். அதனால்தான் வேரியோ என்ற சின்னக் கருவி. காற்றழுத்தத்தின் மிகச் சிறிய மாற்றத்தையும் அளந்து, ஏறும்போது பீப் பீப் என்று சத்தம் கொடுக்கும். வேகமாக ஏறினால் பீப் நெருக்கமாகும். இறங்கினால் தாழ்ந்த குரலில் முனகும். பைலட் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வட்டமடிப்பார். வட்டத்தின் ஒரு பக்கம் பீப் நெருங்கி இன்னொரு பக்கம் தளர்ந்தால், நெருங்கிய பக்கம் வட்டத்தை நகர்த்துவார். இப்படி நகர்த்தி நகர்த்தி நடுப்பகுதியைப் பிடிப்பதுதான் கலை. நொடிக்கு மூன்று மீட்டர் ஏற்றம் கிடைத்தால் ஆயிரம் மீட்டர் ஏற ஐந்தரை நிமிடம்தான் ஆகும். உச்சிக்குப் போனதும் அடுத்த மேகத்தை நோக்கி நேராகச் சறுக்குவார். போகும் வழியில் இறங்கும் காற்றும் உண்டு. மேலே போனதற்கு ஈடாக எங்கோ காற்று கீழே வந்தாக வேண்டுமே. மறுபடி தெர்மல், மறுபடி சறுக்கல். 600 கிலோமீட்டரும் இப்படித்தான் கடக்கப்படுகிறது.

இதை நேரில் பார்க்க இந்தியாவில் மிகச் சிறந்த இடம், இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் இருக்கும் பீர் பில்லிங். பீர் என்பது அடிவாரக் கிராமம். திபெத்திய அகதிகள் குடியிருப்பும் மடாலயங்களும் தேயிலைத் தோட்டங்களும் உள்ள ஊர். பில்லிங் அதற்கு மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல் சரிவு. இரண்டுக்கும் நடுவே 14 கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை. பைலட்கள் டாக்ஸியில் மேலே போய், காற்றில் இறங்குகிறார்கள். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது.

பில்லிங் ஏன் இவ்வளவு பேர் வாங்கியது? தௌலாதார் மலைத்தொடர் காங்ரா பள்ளத்தாக்குக்கு வடக்கே ஒரு நீண்ட சுவராக நிற்கிறது. சுவரின் முகம் தெற்கேயும் தென்மேற்கேயும் பார்த்திருப்பதால் காலை நடுப்பகுதியிலிருந்து மாலை வரை வெயில் அதன்மேல் விழுகிறது. சுவரிலிருந்து கிளைகள் விரல்விரலாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு கிளை முதுகிலும் ஒரு தெர்மல் கிளம்பும். ஒரு முதுகில் ஏறி, பள்ளத்தைத் தாண்டி அடுத்த முதுகுக்கு வந்து, மறுபடி ஏறி, இப்படியே மேற்கே பாலம்பூரைத் தாண்டி தர்மசாலா பக்கம் போய், மாலைக்குள் திரும்பி வந்துவிடலாம். தெர்மல் எங்கே என்று காட்ட அங்கே துணைக்கு ஆளும் உண்டு: இமாலயப் பாறு கழுகுகள். இறக்கையை அசைக்காமல் அவை வட்டமடிக்கும் இடத்தில் ஏற்றம் இருக்கிறது என்று நம்பிப் போகலாம். பைலட் நெருங்கினால் பெரும்பாலும் பயந்து விலகுவதில்லை. பத்து இருபது மீட்டர் தள்ளி, தலையை மட்டும் திருப்பி நம்மைப் பார்த்துக்கொண்டே சுற்றும். அதே தெர்மலில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமே மற்றவர்களும் சுற்ற வேண்டும் என்பது பைலட்களுக்கான விதி.

பில்லிங்கில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஏற்றம் இருக்காது. நேராக இறங்க வேண்டியதுதான். பத்தரை, பதினோரு மணிவாக்கில் சரிவில் கட்டியிருக்கும் ரிப்பன்கள் கீழேயிருந்து மேல்நோக்கி மெல்ல அசையத் தொடங்கும். முதல் கழுகு மலைமுதுகுக்கு மேலே எழும்பும். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஹார்னஸை மாட்டுவார்கள்.

அந்தக் கிளம்பலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பைலட் இறக்கையைச் சரிவின் மேல்பக்கம் பிறை வடிவில் விரிக்கிறார். கயிறுகளில் புல்லோ குச்சியோ சிக்கியிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறார். கால் பட்டைகள், மார்புப் பட்டை, ஹெல்மெட், இரண்டு கொக்கிகள், ரிசர்வ் பாராசூட்டின் பையை மூடியிருக்கும் ஊசி. கால் பட்டையை மாட்டாமல் கிளம்பி உயிரை விட்டவர்கள் உண்டு என்பதால் இந்த வரிசையை யாரும் பேசிக்கொண்டே செய்வதில்லை. பிறகு இறக்கையைப் பார்த்தபடி, பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டி நிற்கிறார். மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் காற்று முதுகில் படுகிறது. முன் ரைசர்களை லேசாக இழுத்ததும் அறைகளுக்குள் காற்று புகுந்து, சலசலத்துக்கொண்டு இறக்கை எழுகிறது. தலைக்கு நேரே வந்ததும் பிரேக்கைத் தொட்டு நிறுத்துகிறார். இல்லாவிட்டால் அது முன்னால் பாய்ந்து மடங்கிவிடும். ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கிறார்: எல்லா அறைகளும் நிரம்பியிருக்கின்றன, கயிறுகள் சுத்தமாக இருக்கின்றன. திரும்பி, உடம்பை முன்னால் சாய்த்து ஓடுகிறார். நாலைந்து எட்டுக்குள் பாதி எடையை இறக்கை வாங்கிக்கொள்கிறது. காலடியில் தரை இல்லாமல் போனபிறகும் இரண்டு எட்டு ஓடுவது நல்ல பழக்கம்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது? அறை அறையாகக் காற்றடைக்கும் இறக்கையை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் டொமினா ஜால்பர்ட், காலம் 1960-கள். அதே பத்தாண்டில் டேவிட் பாரிஷ் விண்கலன்களைத் தரையிறக்கத் தான் உருவாக்கிய துணி இறக்கையை நியூயார்க் மாநிலத்தின் பனிச்சறுக்கு மலைச்சரிவில் ஓட்டிப் பார்த்தார். அப்போது அது பரவவில்லை. 1978 ஜூனில் பிரான்ஸின் மியூஸி கிராமத்தில், ழான் குளோத் பெட்டாம், ஆந்த்ரே போன், ஜெரார் போசோன் என்ற மூன்று பாராசூட் வீரர்கள், ஒவ்வொரு முறையும் விமானத்துக்குச் செலவழிக்காமல் தரையிறங்கும் பயிற்சி செய்ய முடியுமா என்று பார்க்க மலைச்சரிவில் ஓடினார்கள். போன் ஆயிரம் மீட்டர் கீழேயிருந்த கால்பந்து மைதானத்தில் போய் இறங்கினார். மறுவருடமே அங்கே கிளப் தொடங்கியது. 1980-களின் நடுவில் மலையிலிருந்து பறப்பதற்கென்றே தனி இறக்கைகள் விற்பனைக்கு வந்தன. 1988 செப்டம்பரில் ழான் மார்க் புவாவேன் எவரெஸ்ட் உச்சியிலிருந்தே பறந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டாவது முகாமில் இறங்கினார். செலவைக் குறைக்கத் தொடங்கிய ஒன்று பத்தே வருடத்தில் அங்கே போய் நின்றது.

சரி, ஆபத்துக்கு வருவோம். இறக்கைக்கு எலும்பு இல்லை என்று சொன்னேன். குழம்பிய காற்றில் நுழையும்போது, முன்விளிம்பின் மேல்பக்கம் காற்று பட்டால், அந்தப் பகுதி உள்ளே மடங்கிவிடும். கொலாப்ஸ் என்பார்கள். பாதி இறக்கை மடங்கினால் மடங்கிய பக்கம் இறக்கை திரும்பும். பைலட் திறந்திருக்கும் பக்கம் எடையைச் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை அளவாக இழுத்து நேராகப் போக வைப்பார். ஐரோப்பியத் தரச் சான்றில் ஏ, பி, சி, டி என்று வகைகள் உண்டு. ஏ வகை இறக்கை பெரும்பாலான கொலாப்ஸ்களிலிருந்து பைலட் ஒன்றும் செய்யாவிட்டாலும் தானே மீளும். டி வகைக்குப் போகப் போக வேகமும் தூரமும் கூடும். மீள்வதற்கு பைலட்டின் திறமை தேவைப்படும். புதிதாகக் கற்றவர்கள் ஒரே வருடத்தில் மேல் வகைக்குத் தாவ ஆசைப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. வேகமான இறக்கை திறமையைக் கொடுக்காது.

மீள்வதற்கு உயரம் வேண்டும். 800 மீட்டர் உயரத்தில் கொலாப்ஸ் ஆனால் அது ஒரு சம்பவம்; மீளாவிட்டாலும் ரிசர்வை வீச நேரம் இருக்கிறது. 20 மீட்டர் உயரத்தில் ஆனால் விபத்து. ஆகவே உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களின் உள்ளுணர்வு இங்கே தலைகீழ். தரைக்குப் பக்கத்தில்தான், கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான், மிகக் கவனம் தேவை.

காற்று எங்கே குழம்பும் என்பதைப் பெரும்பாலும் முன்பே சொல்லிவிடலாம். ஆற்றுப் பாறைக்கு முன்னால் நீர் வழுக்கிக்கொண்டு ஏறி, பின்னால் சுழித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு மலையைச் சுற்றிய காற்றை விளக்கத் தேவையில்லை. காற்று மோதும் பக்கம் ஏற்றம், மறுபக்கம் சுழிப்பு. அந்த மறுபக்கத்துக்குப் போகக்கூடாது. காற்றின் வேகத்துக்கும் எல்லை உண்டு. இறக்கையின் வேகமே மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால், எதிர்க்காற்று 40 ஆகும்போது இறக்கை முன்னால் பார்த்தபடியே பின்னால் போகும். பின்னால் மலையும் அதன் சுழிப்பும் காத்திருக்கும். பழகுபவர்கள் 20-ஐத் தாண்டினாலே இறக்கையை விரிக்காமலிருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி இடிமேகம். தெர்மல் மேகமாகத் திரளும்போது நீராவியில் இருந்த வெப்பம் வெளிப்பட்டு, ஏறும் காற்றுக்கு மேலும் வேகம் கொடுக்கிறது. ஈரமும் வெயிலும் கூடிய மதியங்களில் சாதாரண குமுலஸ் ஒரு மணி நேரத்துக்குள் இடிமேகமாக வளர்ந்துவிடும். கீழே இறங்க பைலட்டிடம் சில வழிகள் உண்டு: இறக்கையின் இரு ஓரங்களையும் மடித்துக்கொள்வது, செங்குத்தாகச் சுழன்று இறங்குவது. முதலாவது நொடிக்கு மூன்று மீட்டர் வாக்கில் இறக்கும். இரண்டாவது பத்து மீட்டருக்கு மேலும் இறக்கும், ஆனால் தலைசுற்றி நினைவு தப்பும் அபாயம் உண்டு. இடிமேகத்துக்குள் காற்று நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில்கூட ஏறும். அங்கே எந்த வழியும் செல்லாது.

2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில் இதுதான் நடந்தது. உலகச் சாம்பியன் போட்டிக்கு முந்தைய பயிற்சிப் பறத்தல். ஜெர்மனி அணியின் ஏவா விஸ்னியர்ஸ்கா இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே கடக்கப் பார்த்தார். மேகங்கள் சேர்ந்துவிட, அவரை அவை உள்ளே இழுத்துக்கொண்டன. அவருடைய கருவியில் பதிவான உச்ச உயரம் 9,946 மீட்டர். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரம். ஆக்சிஜன் இல்லாமல், ஐஸ் படிந்து, அரை மணி நேரத்துக்கும் மேல் நினைவிழந்து தொங்கினார். இறக்கை ஓட்ட ஆளில்லாமலே பறந்துகொண்டிருந்தது. தாழ வந்தபோது நினைவு திரும்பி, கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன பைலட் ஹே ஜோங்பின் உயிரோடு திரும்பவில்லை. ஏவாவின் கதை அதிசயமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அன்று அந்த மேகங்களைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே இறங்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

பீர் பில்லிங்கும் விதிவிலக்கல்ல. மழைக்காலமான ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை அங்கே பறக்கத் தடை. மார்ச் முதல் ஜூன் வரையிலான கோடையில் தெர்மல்கள் முரட்டுத்தனமாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் வேகமாக வளரும். அக்டோபரும் நவம்பரும் சாந்தமானவை. அதனால்தான் உலகம் முழுவதிலுமிருந்து பைலட்கள் அப்போது வந்து குவிகிறார்கள். அப்போதும் முன்வரிசை மலைகளைத் தாண்டி உள்ளே போய், ஆளில்லாத உயர்ந்த பாறைகளில் விழுந்து, நாட்கணக்கில் தேடப்பட்டவர்கள் உண்டு. கூட்டம் அதிகமாகி ஒருவர் மேல் ஒருவர் மோதுவதும் நடக்கிறது.

நம்மில் பெரும்பாலானோர் பாராகிளைடிங்கைச் சந்திப்பது சுற்றுலா போன இடத்தில், டேண்டம் என்ற இரட்டை இருக்கையில். பின்னால் பைலட், முன்னால் நாம். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல பைலட்டோடு நல்ல காற்றில் பறப்பது மறக்க முடியாத அனுபவம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேரை இறக்கினோம் என்பதில்தான் வருமானம் என்றாகிவிட்ட இடங்களில், பறக்க வேண்டாம் என்று சொல்லும் துணிவு முதலில் காணாமல் போகிறது. பயணி கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பைலட்டுக்கு மாநில அரசின் டேண்டம் உரிமம் இருக்கிறதா? ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா, எங்கே? உங்கள் எடையைக் கேட்டார்களா? எடையே கேட்காமல் கட்டிவிடும் இடத்தில் பறக்காதீர்கள். ஒவ்வொரு இறக்கைக்கும் எடை வரம்பு உண்டு. உங்கள் இரண்டு கால் பட்டைகளும் மாட்டியிருக்கின்றனவா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், மற்ற பைலட்கள் இறக்கையை மடித்து வைத்திருந்தால், பணம் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள். கிளம்பும்போது நிற்காமல் ஓடுங்கள். பாதி ஓட்டத்தில் பயந்து உட்கார்ந்துவிடுவதுதான் டேண்டமில் பயணிகள் காலை உடைத்துக்கொள்ளும் சாதாரண வழி. செல்ஃபிக் குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தானே பறக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் தமிழர்களுக்கு ஏலகிரியோ வாகமணோ பக்கம் என்றாலும், ஒழுங்கான தொடக்கப் பயிற்சிக்குப் பலரும் போவது காம்ஷெட்டுக்குத்தான். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே ரயிலிலேயே போய்விடலாம். அக்டோபர் முதல் மே வரை பருவம். முதல் சில நாட்கள் பறத்தலே இருக்காது. சமதளத்தில் இறக்கையை எழுப்புவதும் நிறுத்துவதும்தான் வேலை. முழங்கை வலிக்கும், புழுதி தின்பீர்கள், அந்தத் துணி நாலாபக்கமும் இழுத்துக்கொண்டு போகும். பலருக்கு இங்கேயே பொறுமை போய்விடுகிறது. ஆனால் மேலே போனபிறகு இறக்கை என்ன செய்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் கைகளாலேயே அறியும் பழக்கம் இந்தப் புழுதியில்தான் வருகிறது. பல வருடம் பறந்தவர்களும் காற்று சரியில்லாத நாட்களில் மைதானத்தில் இதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். அப்புறம் சிறு மேடு, பிறகு ரேடியோவில் பயிற்சியாளர் பேசிக்கொண்டே இருக்க உயரமான இடம்.

இறக்கை வாங்குவதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். புதிதாக முழுத் தொகுப்பும் வாங்கினால் சில லட்சம் ரூபாய் ஆகும். பழையது வாங்கினால் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை மெல்ல அரித்துவிடும். 300 மணி நேரத்தைத் தாண்டிய துணி வழியே காற்று கசியத் தொடங்கியிருக்கலாம். வெளியே பார்த்தால் நிறம்கூட மங்கியிருக்காது. கசிவை அளக்கும் கருவியும் கயிற்றின் பலத்தைச் சோதிக்கும் வசதியும் உள்ள இடத்தில் காட்டி, சான்று வாங்கியபின் பணம் கொடுங்கள். ரிசர்வ் பாராசூட்டை வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்து உலர்த்தி மறுபடி மடிக்க வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்றவரிடமே கொடுத்து மடியுங்கள்.